லைட்டு அணையட்டும், வர்றேன்

கொஞ்ச நாள் முன்னால் வேலூரில் ஒரு குறும்படப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தேன். வாரக் கடைசியில் மட்டும் வகுப்பு. ஒரு ஹோட்டலின் ஏசி ஹால். கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை குப்பென்று அடித்தது. சுவரில் மாட்டிய ஒரு டப்பா, மூச்சு விடுவதுபோல அவ்வப்போது புஸ்ஸென்று வாசனை விட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது ஹோட்டல் வாசனை. எனக்கோ யாரோ சினிமாவுக்குக் கிளம்புகிறார்கள் என்று தோன்றியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் சென்னைக்காரர். கறுப்பு டீஷர்ட், தாடி, முழங்கால்வரை ஏறிய தோல் பூட்ஸ். ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டார். "ஆம்பூர் சார்" என்றேன். "ஓ, பிரியாணி!" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஹைவேல வரும்போது ஒரு ஸ்மெல் வருமே, நான் கார் கண்ணாடிய ஏத்திடுவேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்கள் மட்டும் அவருடைய பூட்ஸ்மேல் போய் நின்றன. அந்தத் தோல் எந்த ஊர் வழியாக நடந்து வந்து அவர் காலில் ஏறியிருக்கும் என்று யோசித்தேன். கேட்கவில்லை. கட்டணம் கட்டியிருந்தேன்.

அன்றைய பாடம்: மறக்க முடியாத தொடக்கக் காட்சி எப்படி இருக்க வேண்டும். "பார்வையாளன் பாப்கார்ன் பொட்டலத்துல கை விடறதுக்குள்ள நீங்க அவன் கழுத்தப் புடிச்சிடணும்" என்றார். பிறகு, ஒவ்வொருவரும் தங்கள் மனதில் நிற்கும் முதல் காட்சியைச் சொல்ல வேண்டும். ஒருவன் கொரியாவுக்குப் போனான். ஒருத்தி ஈரானுக்குப் போனாள். இன்னொருவன், பத்து நிமிடம் காற்றில் ஆடும் திரைச்சீலையை மட்டுமே காட்டும் ஒரு படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விவரித்தான். தேசம் தேசமாகப் போய் வந்தவர்களில் ஒருவர் முகத்திலும் ராணிப்பேட்டையைத் தாண்டிய களைப்பு தெரியவில்லை.

என் முறை வந்தது. "சார், சின்ன வயசுல தியேட்டர்ல நான் எந்தப் படத்தோட மொத சீனையும் பார்த்ததில்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பயிற்சியாளர் மெதுவாகத் தலையாட்டி, பலகையில் பெரிதாக 'இல்லாமை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "பிரமாதம்" என்றார். அன்று மத்தியானம் சாப்பாட்டு வரிசையில், திரைச்சீலைக்காரன் எனக்கு வழிவிட்டு நின்றான்.

இல்லாமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. விஷயம் எலுமிச்சம்பழம்.

அப்பா தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை பார்த்தார். லைம் யார்டு என்பார்கள். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊறப்போட்டு, முடி கழன்று வருகிறவரை புரட்டிப் புரட்டி எடுக்கிற இடம். அந்த வாசனையை எப்படிச் சொல்வது? நான் எழுத்துக்காரன் மாதிரி ஏதாவது உவமை சொல்லலாம். ஆனால் வாசனை உங்கள் மூக்குக்கு வராது, உவமைதான் வரும். விட்டுவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு நாற்றம்தான் உண்டு. எங்களுக்கு அப்படி இல்லை. அதிலும் மேல் கீழ் இருந்தது. பச்சைத் தோல், சுண்ணாம்பு, டிரம், சாயம், பாலீஷ் என்று தோல் ஒவ்வொரு ஷெட்டாக உள்ளே போகப் போக நாற்றம் கம்மியாகும், மரியாதை ஜாஸ்தியாகும். கடைசியில் ஷூ கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது அதற்குப் பேரே லெதர். ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள்மேல் ஒட்டுகிற கம் வாசனையும் புதுச் செருப்பு வாசனையும் அடிக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்காத வாசனை. சுண்ணாம்புத் தொட்டிக்காரனைப் பார்த்து மூக்கைப் பிடிப்பதில் காட்பாடிக்காரனைவிட எங்கள் ஊர் ஷூ கம்பெனிக்காரனுக்கே உரிமை அதிகம். அவனும் அதே மாட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறான், என்ன, வேறு முனையில்.

ஞாயிற்றுக்கிழமை சினிமா என்றால் அப்பா மத்தியானமே குளிக்க ஆரம்பித்துவிடுவார். பின்பக்கக் கல்லில் குந்திக்கொண்டு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, விரல் நுனியிலிருந்து முழங்கைவரை தேய்ப்பார். நகக்கண்ணில் சுண்ணாம்பு அரித்த இடத்தில் எலுமிச்சை பட்டதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் சோப்பு. அப்புறம் மறுபடி பழம். அப்புறம் தேங்காயெண்ணெய், அதன்மேல் பவுடர். இவ்வளவும் முடிந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், எலுமிச்சை, சோப்பு, எண்ணெய், பவுடர் எல்லாம் தனித்தனியாக மணக்கும். அவற்றுக்கு நடுவில், யாருக்கும் இடைஞ்சல் தராமல், லைம் யார்டும் உட்கார்ந்திருக்கும்.

அம்மாவும் நானும் கிளம்பி வாசலில் நிற்போம். எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நம்பிக்கை: இந்த வாரமாவது ஹீரோ எப்படி வருகிறான் என்று பார்த்துவிடலாம். நேரத்துக்குத்தான் தியேட்டருக்குப் போய்ச் சேருவோம். டிக்கெட்டும் வாங்கிவிடுவோம். அப்புறம்தான் அப்பாவுக்கு ஆயிரம் வேலை வரும். போஸ்டர் படிப்பார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். ஆனாலும் போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயர்வரை கவனமாகப் படிப்பார். சைக்கிள் ஸ்டாண்டுக்காரனிடம் அவன் மாமியார் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். நான் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

"ப்பா, மணி அடிச்சிட்டான்பா!"

"இருடா. லைட்டு அணையட்டும், வர்றேன்."

உள்ளே லைட் அணைந்து, பாட்டுச் சத்தமோ குதிரைச் சத்தமோ வெளியே கேட்க ஆரம்பித்து, தியேட்டர் வாசலில் ஒரு ஈ காக்கா இல்லாமல் ஆன பிறகுதான் அப்பா வாசல் திரையை விலக்குவார். டார்ச் லைட்காரருக்கு எங்களைத் தெரியும். வெளிச்சத்தை எங்கள்மேல் அடிக்கமாட்டார், தரையில் அடிப்பார். "வா மாமா, சீட்டு ரெடி" என்பார். எங்கள் சீட் எப்போதும் ஒன்றுதான்: வலது மூலை, கக்கூஸ் கதவை ஒட்டி. ஹவுஸ்ஃபுல் படத்துக்கும் காலியாக இருக்கிற ஒரே வரிசை. அந்த இடத்தை அப்பா ஏன் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பக்கத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் பழி கக்கூஸ்மேல் போய்விடும். யோசித்துப் பாருங்கள், ஒரு மனுஷன் தனக்கு ஜாமீன் நிற்க ஒரு கக்கூஸைப் பிடித்து வைத்திருந்தார்.

இடைவேளை வரப்போகிறது என்பது டைரக்டருக்கு முன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். லைட் எரிவதற்குள் வெளியே இருப்பார். கடைசியில் போலீஸ் ஜீப் வந்துவிட்டால் எழுந்துவிடுவார். "போலீஸ் வந்துட்டா படம் முடிஞ்சிச்சிடா, வா." இப்படியாக, ஆரம்பமும் இல்லாமல் முடிவும் இல்லாமல் நடுத்துண்டு மட்டுமே நான் பார்த்து வளர்ந்தேன். இதைக் கொரியாவில் செய்திருந்தால் விருது கொடுத்திருப்பார்கள்.

முதல் காட்சிகளை எனக்குக் கொடுத்தவர் ஸ்டெல்லா அக்கா. எதிர்வீடு. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் அடுத்தது தியேட்டர், அதற்கும் கதவு திறப்பதற்கு முன்னாலேயே போய் நிற்பார். திங்கட்கிழமை காலை குழாயடியில் நான் அவரைப் பிடித்துக்கொள்வேன்.

"அக்கா, மொதல்ல இன்னா வந்துச்சு?"

"இன்னாடா, நேத்தும் உங்கப்பாவுக்கு லைட்டு அணையலயா?" என்று குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைப்பார். "கேட்டுக்க. மழ பேயுது. சும்மா மழ இல்ல, பேய் மழ. ஒரு ரயிலு வருது. ரயில்ல இருந்து ஒரு காலு மட்டும் எறங்குது. பூட்ஸ் காலு. மூஞ்சி காட்ட மாட்டான். எதுக்க நாலு பேரு கத்தியோட நிக்கறான். இவன் பாக்கெட்ல இருந்து சீப்ப எடுத்து தலைய சீவறான். அப்டியே பேரு போடறான்!"

எனக்கு மயிர்க்கூச்செடுக்கும். அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலை நினைத்துக்கொண்டே இருப்பேன். அடுத்த வாரம் வேறு படம். மறுபடி மழை, மறுபடி ரயில். "எல்லாப் படத்துலயும் மழயாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "அது சீசன்டா" என்றார்.

பின்னால் வீட்டுக்கு டிவி வந்தது. கால் மட்டும் இறங்கிய அந்தப் படத்தை முதலிலிருந்து போட்டார்கள். ஹீரோ மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓடிப்போய் ஸ்டெல்லா அக்காவைக் கேட்டேன்.

"அக்கா, அதுல ரயிலே வரலக்கா. கத்தரிக்கா வாங்கறான்."

"எங்க பார்த்த?"

"டிவில."

"டிவிக்காரன் ரயில கட் பண்ணிருப்பான்டா. எடம் பத்தாது இல்ல?"

இன்றுவரை எனக்கு அவர் சொன்னதுதான் முதல் காட்சி. கத்தரிக்காய் ஏதோ அச்சுப்பிழை.

ஒரே ஒரு ஞாயிறு மட்டும் முறை மாறியது. அன்று அம்மா அடம் பிடித்தார். "யோவ், டிக்கெட்டுக்கு முழுத் துட்டுதான குடுக்கறோம்? இன்னிக்கி ஒரு நாளு மொதல்ல இருந்து பார்க்கலாம் வாய்யா. பழம் வேற ரெண்டு ஜாஸ்தியாதான தேச்ச?" அப்பா போஸ்டரைப் பார்த்தார், சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம், பரீட்சை ஹாலுக்குள் நுழைகிறவர்போல வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். லைட்டெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. நடு வரிசையில் உட்கார்ந்தோம். தியேட்டருக்குக் கூரையில் பூ வேலைப்பாடு இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

முன்வரிசையில் ஒரு குடும்பம். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமையிலும் ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் தலையைத் திருப்பினார். "இன்னாடி, யாரோ தொட்டியவே தூக்கினு வந்துட்டாங்க போல" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, பின்னால் திரும்பி, சிரித்த முகமாக, "இன்னா தலைவரே, லைம் யார்டா?" என்றார்.

"ஆமா சார்" என்றார் அப்பா. ஊர் பேர் கேட்டதுபோல, அவரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

அந்தம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டது. அவர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். சண்டை இல்லை, திட்டு இல்லை. எழுந்து போனதுதான். ஆனால் அவர்கள் போன பிறகு, அதுவரை எதுவும் தெரியாமல் கடலை தின்றுகொண்டிருந்த அக்கம்பக்கத்து மூக்குகளெல்லாம் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. அப்பா எழுந்தார். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்." லைட் அணைந்தது. முதல் காட்சி ஓடியது. ஓடியிருக்க வேண்டும். அம்மாவும் நானும் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டில் ஒரு வெள்ளைச் சட்டை, சுவரைத் தடவிக்கொண்டு வந்து கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்தது. நாங்களும் எழுந்து அங்கேயே போனோம்.

சிறுவயதில் தியேட்டரில் முதல் காட்சி ஓடும்போது நான் உட்கார்ந்திருந்த ஒரே படம் அதுதான். அதில் ஒரு ஷாட்கூட நினைவில் இல்லை. ஏசி ஹாலில் இதைச் சொல்லியிருந்தால் பயிற்சியாளர் பலகையில் இன்னும் ஏதாவது எழுதி மூன்று கோடு போட்டிருப்பார்.

பயிற்சி வகுப்பின் முடிவில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். பயிற்சியாளர் எனக்குத் தொடக்கக் காட்சியை இலவசமாகவே கொடுத்தார். "உங்க ஊர்ல என்ன கஷ்டம்? ட்ரோன விடுங்க. ஆறு, நுரை, புகைபோக்கி. கட் பண்ணா ஒரு பெரியவர் இருமறாரு. முடிஞ்சது." எங்கள் ஊர் சினிமாவில் நுழைகிற விதமே இதுதான். ஆகாயத்திலிருந்து எடுப்பார்கள், ஏனென்றால் அங்கே வாசனை வராது. அப்புறம் ஒரு ஆள் இருமியே ஆக வேண்டும். அப்பாவுக்கு இருமல் கிடையாது. மன்னிக்கவும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு வேண்டியது வேறு. அப்பா ஒரு படத்தையாவது முதலிலிருந்து பார்க்க வேண்டும், அது நான் எடுத்த படமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. படத்தின் முதல் காட்சி: பின்பக்கக் கல், ஒரு ஆள், அறுத்த எலுமிச்சம்பழம், 'ஸ்ஸ்' என்கிற அந்தச் சத்தம். நன்றாக வந்திருந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை.

திரையிடல் அதே ஏசி ஹாலில். அப்பாவின் கம்பெனி மூடி ரொம்ப நாள் ஆகிறது. இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன். அவர்மேல் இப்போது அடிப்பது துணி சோப்பு வாசனை மட்டும்தான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். அம்மா தன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டதால் நாங்கள் இரண்டு பேர்தான். ஹால் வாசலில் வந்ததும் அப்பா நின்றார். உள்ளே லைட் எரிந்தது.

"நீ போ. வர்றேன்."

"ப்பா, இப்பதான் ஒண்ணும் இல்லயே?"

"போடா, வர்றேன்றேன்."

இது இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். படம் தொடங்குவதற்கு முன் 'நன்றி' என்று போடுவார்களே, அதை நீட்டி வைத்தேன். டீக்கடைக்காரருக்கு நன்றி. கல்லை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்கு நன்றி. படப்பிடிப்பு முடியும்வரை கத்தாமல் இருந்த ஆட்டுக்கு நன்றி. ஒவ்வொரு பெயரும் ஆற அமர வந்து, நின்று, போகும். பயிற்சியாளர் எடிட்டிங்கில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கழுத்தப் புடிங்கன்னா நீங்க எல்லாருக்கும் வணக்கம் வெச்சிட்டு இருக்கீங்க. ஆடியன்ஸ் எழுந்து போயிடுவான்." எழுந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வருகிறவர்தான் முக்கியம்.

பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தினவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். குத்துவிளக்கு ஏசிக் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. ஒருவழியாக லைட் அணைந்தது. என் படம்தான் முதல். டீக்கடை வந்தது. கல் வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தேன். தையல்காரர் வந்தார், சைக்கிள் கடை வந்தது. கதவு அசையவில்லை. ஆட்டுக்கு ஹாலே சிரித்தது. ஆடு மறைகிற நேரத்தில் கதவு கொஞ்சமாகத் திறந்தது. வெள்ளைச் சட்டை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. கழிப்பறைக் கதவு எங்கே இருக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, அதை ஒட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் திரையில் எலுமிச்சம்பழம் அறுபட்டது.

பார்த்துவிட்டார். முதல் காட்சியின் முதல் ஷாட்டிலிருந்து. டப்பா புஸ்ஸென்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அப்பா. பள்ளிகொண்டா தாண்டியது. அப்புறம் மெதுவாக, "நல்லா எடுத்திருக்கடா" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆமா, மொதல்ல இன்னா வந்துச்சு?"

"எதுப்பா?"

"நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டான் இல்ல? மொத சீனு."

"நீ உள்ள வந்தப்போ இன்னா ஓடிச்சு?"

"எவனோ குளிச்சினு இருந்தான்."

"அதான்பா மொத சீனு."

"போடா" என்று சிரித்தார். "குளிக்கறதயா மொதல்ல காட்டுவாங்க? அதுக்கு முன்ன ஏதோ வந்திருக்கும். சொல்லு."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. படத்துக்கு ஆரம்பம் என்று ஒன்று உண்டு, அது தான் உள்ளே போவதற்குமுன் முடிந்துவிடும். வாழ்நாள் பூரா பார்த்த விஷயத்தில் என் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்? ஆம்பூர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மழ பேயுதுப்பா" என்றேன். "பேய் மழ. ஒரு ரயிலு வருது. ஒரு காலு மட்டும் எறங்குது."

"அதான பார்த்தேன்" என்றார் அப்பா, திருப்தியாக.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அன்றைக்கு ஏதோ ரிசப்ஷன். கூரையிலிருந்து தரைவரை சீரியல் லைட். சாப்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேராக வீடியோக்காரன் விளக்கைப் பிடிக்கிற மண்டபம் அது. அங்கே கல்யாணம் என்றால் அப்பா மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுவார். பஸ் அந்த இடத்தில் வேகம் குறைத்தது. அப்பா ஜன்னலில் சாய்ந்து பார்த்தார்.

"நம்ம சீட்டு எங்க இருந்திருக்கும்டா?"

வலது மூலையை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "கை கழுவற எடம்பா."

"லைட்டு இருக்குதா அங்க?"

"டியூப்லைட்டு வரிசையா போட்டிருக்கான்."

"ஓ" என்றார் அப்பா. பஸ் நின்றது. எல்லோரும் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.